மலையேறும்போது பானெட்டிலிருந்து புகை வந்தால்

கேட்கப்பட்ட விஷயம் இதுதான். திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பிய ஒருவர், மே மாத ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் பர்லியார் தாண்டிச் சில வளைவுகள் ஏறியதும், பானெட்டின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வருவதைப் பார்த்திருக்கிறார். எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். ஓரம் கட்டியதும் நாலு பேர் கூடிவிட்டார்கள். "மூடியத் திறந்து விடுங்ணா" என்கிறார் ஒருவர். "தண்ணி ஊத்துங்க, அடங்கிரும்" என்கிறார் இன்னொருவர். "குன்னூர் பக்கந்தானுங்க, மெதுவா உருட்டிட்டுப் போயிருங்க" என்கிறார் மூன்றாமவர். இவர் எதையும் செய்யாமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, குறைந்திருந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு குன்னூர் போய், பட்டறையில் காட்டிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். செய்தது சரியா, இனி வண்டியில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் பழனி வழியாகக் கொடைக்கானல் போகலாமா என்று கேட்கிறார்.

நின்றது சரி. மூடியைத் திறக்காதது அதைவிடச் சரி. குன்னூர்ப் பக்கம் வண்டி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: புகை வந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக் கூடாததுதான் நிறைய. இன்ஜினை இறக்கி வேலை பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். வெந்துபோன முகத்துக்கும் கைக்கும் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே முதலில் அந்த மூடியைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ரேடியேட்டரில் இருப்பது அடுப்பில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் அல்ல. மூடி அதை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு பார் கூடுதல். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 105, 110 டிகிரியிலும் உள்ளே இருப்பது கொதிக்காமல் நீராகவே ஓடுகிறது. மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருக்கும் சூடான தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். குனிந்து திருகுகிறவரின் முகம் அதற்கு நேர் மேலே இருக்கிறது.

மலையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே 94 டிகிரி போதும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே 90 முதல் 105 வரை. அதாவது டேஷ்போர்டில் முள் நடுவில், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும்போதுகூட, உள்ளே இருக்கும் தண்ணீர் இந்த உயரத்தில் வெளியே வந்தால் கொதிக்கும் சூட்டில்தான் இருக்கிறது. "முள்ளு எறங்கிருச்சே" என்று நம்பி மூடியில் கைவைக்கக் கூடாது என்பது இதனால்தான். அரை மணி நேரம் குறைந்தபட்சம், முக்கால் மணி நேரம் நல்லது. பிறகு பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வைத்தபடி இருக்க முடிய வேண்டும். அடுத்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தடித்த துணி சுற்றி அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, விலகி நில்லுங்கள். தளர்ந்து அமுங்கினால் மட்டும், மூடியின் மேல் மடித்த துணியைப் போட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருகி நிறுத்துங்கள். 'உஸ்' என்ற சத்தம் முழுதும் அடங்கிய பிறகே மீதித் திருகல்.

இதையும் மீறி யாராவது வெந்துபோனால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், நெய் என்று எதையும் தடவ வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, புகை கண்ணில் பட்ட முதல் நிமிடத்துக்கு வருகிறேன். மலைச்சாலையில் எங்கே நிறுத்துகிறோம் என்பதே பாதி வேலை. கொண்டை ஊசி வளைவுக்குள் நிறுத்தவே கூடாது. பஸ்ஸும் லாரியும் அங்கே சாலையின் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். வளைவுக்கு முன்போ பின்போ நேராக இருக்கும் இடத்தில், பின்னால் வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி இடது ஓரம் கட்டுங்கள். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். குன்னூர் ஏற்றத்தில் மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். விட்டுப்போன கல்லில் ஏறி, இருட்டில் இறங்கி வரும் பைக்காரர்கள் விழுகிறார்கள்.

வண்டியில் இருப்பவர்களை இறக்கி, மலைப்பக்கமாக, வண்டிக்கு மேல்புறம் நிற்க வையுங்கள். கீழ்ப்புறம் நிற்கக் கூடாது, வண்டி உருண்டால் அந்தப் பக்கம்தான் வரும். ஒருவரை மட்டும் கீழ் வளைவுக்கு முன்னால் அனுப்பி, துணியோ டார்ச்சோ ஆட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தையும் வளைவுக்கு முன்னால் வைக்க வேண்டும். வளைவு திரும்பிய பின் அதைப் பார்த்து என்ன பயன்?

பர்லியார், கே.என்.ஆர். நகர் பக்கமும், கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கமும் பலாப்பழக் காலத்தில் யானை நிற்கும். அங்கே நின்றுபோனால் பிள்ளைகளைக் காட்டோரமாக நடக்க விடாதீர்கள். கல்லட்டிக்குக் கீழே மசினகுடிப் பக்கமும் முதுமலைச் சாலையிலும் புகை அபாயமானதாக இல்லாதவரை வண்டிக்குள்ளேயே இருப்பது மேல்.

இப்போது பானெட்டுக்கு வெளியே நின்றபடி மூக்கால் பாருங்கள். ஆம், மூக்கால்தான். மலையில் பானெட்டிலிருந்து வரும் புகையில் பெரும்பங்கு புகையே அல்ல, ஆவி. ஈரமாக இருக்கும், கையில் பட்டால் நீர் கோக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். அந்த இனிப்பு, இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலின் வாசனை. நீங்கள் பார்த்தது இதுதான் என்று உங்கள் விவரிப்பிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய் கருகும் வாடையோடு நீலம் கலந்த புகை எழுந்தால், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டிலோ வேறெங்கோ ஒழுகிய ஆயில், இன்ஜின் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு குழாயில் சொட்டுகிறது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கருகும் காரமான வாடை என்றால் வயரிங். பெட்ரோல் வாடை வந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை, எல்லோரும் தள்ளிப் போக வேண்டும். கேஸ் வண்டியாக இருந்து, அந்த நெடி வந்தாலும் அப்படியே.

ஆவி என்றால் பானெட்டை உடனே தூக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளிருந்து லீவரை மட்டும் இழுத்து, ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் சூடு இறங்கத் தொடங்கும். பீய்ச்சல் நின்ற பிறகு முழுதாகத் தூக்குங்கள். ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. சாவியை எடுத்த பிறகும் பல வண்டிகளில் அது தானாகச் சுற்றும்.

வயரிங் என்றால் சாவியை அணைத்ததும் பெரும்பாலும் புகை தணியும். தணியாவிட்டால், நெருப்பு தெரியாத பட்சத்தில், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வண்டியில் கிடப்பது இதற்காகத்தான். இந்த ஊரில் வயரிங் கருகுவதற்கு எலி ஒரு பெரிய காரணம். குளிருக்குப் பயந்து, சூடாக இருக்கும் இன்ஜின் பக்கம் வந்து கூடு கட்டி, வயரைக் கடித்து வைத்துவிடும். கூடு கட்டக் கொண்டுவந்த காய்ந்த புல்லும் பஞ்சும் மறுநாள் மேனிஃபோல்டில் பட்டுப் புகையும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரண்டு மூன்று இரவு வண்டி நின்றிருந்தால், கிளம்பும் முன் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பாருங்கள்.

நெருப்பே தெரிந்தால்? பானெட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பி முகத்துக்கு வரும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் இருந்தால், பானெட்டின் இடுக்கு வழியாகவோ முன் கிரில் வழியாகவோ அடித்துப் பார்க்கலாம். அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். அடங்கவில்லை என்றால் வண்டியை விட்டுவிடுங்கள். முப்பது மீட்டராவது தள்ளிப் போய், இரண்டு பக்கப் போக்குவரத்தையும் நிறுத்தி, 112 அல்லது 101. பையை எடுக்க, மொபைலை எடுக்க என்று திரும்பிப் போகக் கூடாது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, வருகிற பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

சரி, ஆவிதான், இன்ஜினும் ஆறிவிட்டது. இப்போது எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது, எங்கே போனது என்று பாருங்கள். ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளாம்ப் நழுவியிருக்கிறதா, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா, பெல்ட் இருக்கிறதா. வண்டிக்கடியில் சொட்டியிருப்பதை விரலில் தொட்டுப் பாருங்கள். ஏசித் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கும், கூலன்ட் வழவழக்கும், நிறமும் வாசனையும் இருக்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள், எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். குன்னூர், கோத்தகிரியில் காட்டுமாடே சாலைக்கு வருகிறது. தேங்கிக் கிடந்தால் தண்ணீர் ஊற்றி மண் அள்ளிப் போட்டுவிட்டு வாருங்கள்.

நிரப்பத் தண்ணீர் எதுவானாலும் அவசரத்துக்குப் பரவாயில்லை. பாறையில் வழிகிற ஊற்றுத் தண்ணீர்கூடப் போதும். பிறகு பட்டறையில் அதை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஆனால் ஊற்றும் முறையில் அவசரம் கூடாது. கொதிக்கும் இன்ஜினுக்குள் மலைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையும், விரிசலும் விடும். இன்ஜின்மேல் வெளியிலிருந்து வாளியால் வீசுவது அதைவிடக் கெடுதல். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு மீதியையும் மெதுவாக. மட்டம் நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

மட்டம் இறங்காமல் நின்றால் வண்டியை ஓட்டலாம், ஏசி போடாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு. சமவெளிக்காரர்கள் தொட்டே பார்த்திராத அந்த ஹீட்டர், இன்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்து வெளியேற்றும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். வேர்த்துக் கொட்டும், ஆனால் முள் இறங்கும். முள் ஏறத் தொடங்கி, புகை இன்னும் வராத கட்டத்திலும் இதைச் செய்யலாம். அப்போது ஓரம் கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டால் பம்பும் ஃபேனும் வேலை செய்து சூட்டை இறக்கும். ஆவி வந்துவிட்டாலோ சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டாலோ இந்தக் கணக்கு செல்லாது, உடனே அணைக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அலுமினிய ஹெட் வளைகிறது. "மெதுவா உருட்டிட்டுப் போயிருங்க" என்ற ஆலோசனை ஒரு ஹோஸ் செலவோடு முடிய வேண்டியதை முழு இன்ஜின் வேலையாக்கிவிடும். தண்ணீர் ஊற்ற ஊற்ற வடிந்தால், அல்லது மறுபடி இரண்டு வளைவிலேயே முள் எகிறினால், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் அந்த வசதி சேர்ந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதான் வர வேண்டும்.

ஏன் அந்த இடத்தில் சூடானது என்றும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் போகும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் வண்டி 1,500 மீட்டர் ஏறுகிறது. மே மாதத்தில் பர்லியார் வழி ஏற, கோத்தகிரி வழி இறங்க என்று ஒருவழியாக்குவார்கள், அப்படியும் ஏறும் பக்கம் ஊர்ந்துதான் போகும். அடிவாரத்தில் வெயில், உள்ளே ஐந்தாறு பேர், ஏசி முழுவதும், முதல் கியர், பாதி மிதித்தபடியே வைத்திருக்கும் ஆஃப் கிளட்ச். இன்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது, ஆனால் வண்டி நகராததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று இல்லை. ஃபேன் ஒன்றையே நம்பி நிற்கிறது. ஊரில் ஓட்டும்போது வெளியே தெரியாத குறைகள், பாதி அடைத்த ரேடியேட்டர், பலவீனமான மூடி, ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் ஃபேன், வெறும் தண்ணீராகிப்போன கூலன்ட், எல்லாம் இங்கே வெளியே வந்துவிடும். கல்லாறிலிருந்து பல்சக்கரத்தில் ஏறும் மலை ரயிலின் நீராவி இன்ஜினே ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகிறது. 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து அதுதான் வழக்கம். காரும் பர்லியாரில் ஒரு கால் மணி நேரம் நின்று டீ குடித்துவிட்டுப் போனால் குறைந்துபோவது எதுவுமில்லை.

பானெட்டிலிருந்து அல்லாமல் சைலன்சரிலிருந்து புகை வருகிறது என்றால் அது வேறு கணக்கு. டிசம்பர், ஜனவரிக் காலையில் ஊட்டியில் எல்லா வண்டியும் வெள்ளையாக விடும். உறைபனிக் குளிரில் சைலன்சரின் ஈரம் ஆவியாவதுதான், வண்டி சூடானதும் மறையும். மறையாமல், அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது, ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

நீலப் புகை ஆயில் எரிவது. இதில் மலைக்கே உரிய ஒன்று உண்டு. இரண்டாவது கியரில் நீண்ட இறக்கம் இறங்கி, கீழே சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறையும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் அதிகம், தேய்ந்த வால்வ் சீல் வழியாக ஆயில் உள்ளே இறங்கி, மிதித்ததும் எரிகிறது. அவசர ஆபத்து அல்ல. சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் ஆயில் பார்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். சரிவில் நிறுத்தி ஆயில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

கறுப்புப் புகை டீசலுக்குச் சகஜம். ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதோடு ஏர் ஃபில்டரும் அடைத்திருந்தால் டீசல் முழுதாக எரியாது. ஆனால் ஏற்றத்தில் திடீரென்று இழுவை போய், விசில் மாதிரி சத்தத்தோடு கறுப்பு கக்கினால் டர்போவிலிருந்து வரும் காற்று ஹோஸ் நழுவியிருக்கும். பெரும்பாலும் ஒரு கிளாம்ப் முறுக்கினால் தீரும் வேலை.

டீசல் டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டர்போவின் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கினால், நீலமும் வெள்ளையுமாகச் சாலையே மறைகிற அளவு புகை வரும், இன்ஜின் தானாக அலறும், சாவியை அணைத்தாலும் நிற்காது. டீசல் விநியோகத்தை நிறுத்தினாலும் அதற்கு எரிக்க ஆயில் இருக்கிறதே. மேனுவல் வண்டியானால் வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியபடி, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். நிற்கவில்லை என்றால் இறங்கி விலகிப் போய்விடுங்கள், பானெட்டைத் திறந்து கைவிடாதீர்கள், உள்ளே பாகங்கள் தெறிக்கலாம்.

புகை சக்கரத்தருகிலிருந்தோ வண்டிக்கடியிலிருந்தோ வந்தால் அது இன்ஜினே அல்ல. ஏற்றத்தில் கருகிய வாடையோடு வந்தால் கிளட்ச் பிளேட். ஊரும் நெரிசலில் பிரேக்கால் நிற்காமல் ஆஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்திருப்பதால் வருவது. நிறுத்தி அரை மணி ஆறவிட்டால் பெரும்பாலும் ஊர் சேரும். இறக்கத்தில் வந்தால் பிரேக். அதுதான் உண்மையில் உயிருக்கு ஆபத்தானது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. அங்கெல்லாம் இரண்டாவது கியருக்கு மேல் போகாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கியவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துத்தான். பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது, டாட் 3 வகை 205 டிகிரியிலும் டாட் 4 வகை 230 டிகிரியிலும்தான் கொதிக்கும். ஈரம் இழுத்துப் பழசானால் அது 140, 155 வரை இறங்கிவிடும். கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. சக்கரத்தில் புகை பார்த்தவுடன், பெடல் நன்றாக இருக்கும்போதே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரும் கல்லும் போதும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும், தானாக ஆறட்டும்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. மழையில் ஓட்டி நிறுத்தியதும் பானெட் இடுக்கில் மெல்லிய ஆவி எழும், முள் சரியாக இருந்து வாசனை எதுவும் இல்லையென்றால் அது ரேடியேட்டரில் விழுந்த மழைத்துளிதான். சர்வீஸ் செய்த மறுநாள் சிந்திய ஆயில் கொஞ்சம் புகையும். 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது சூட்டு வாடையும் லேசான புகையும் வரலாம். அந்த நேரத்தில் காய்ந்த புல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், கோடையில் காடு பற்றிக்கொள்ள அது போதும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். தண்ணீர் நிரப்பி ஊர் திரும்பியதோடு விஷயம் முடியவில்லை, குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று இன்னும் தெரியாது. பட்டறையில் மூன்று வேலை கேளுங்கள். கூலிங் சிஸ்டத்துக்குக் காற்றழுத்தம் கொடுத்து ஒழுகல் பார்ப்பது. மூடி தன் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதிப்பது. கூலன்டில் சிலிண்டர் வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்ப்பது. மூன்றாவதுதான் ஹெட் கேஸ்கெட்டின் நிலையைச் சொல்லும், அதைச் செய்யாமல் "ஹெட்ட எறக்கிரலாங்க" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு இருப்பதை மட்டும் காட்டி ஹெட் போய்விட்டது என்று சொல்வதும் போதாது. குளிர் ஊரில் குட்டிக்குட்டித் தூரம் ஓடும் வண்டிகளில் ஈரம் கோத்து அப்படி ஆவது உண்டு. டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலும் அதே நிறமாக இருந்தால்தான் கவலை. ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, வாட்டர் பம்பில் கசிவு உண்டா என்பதையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வருட ஹோஸையும் மூடியையும் மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை. கூலன்ட் பச்சையா சிவப்பா என்று பார்த்து, வண்டிக்குச் சொன்ன வகையை மட்டும், பழையதை முழுதும் வடித்துவிட்டு நிரப்புங்கள்.

பிறகு இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள். தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் குறியுங்கள். கோடு இறங்காமல் நின்றால் கொடைக்கானல் போகலாம். பழனி வழியைவிட, சுற்றானாலும், வத்தலக்குண்டு வழியைச் சொல்வேன். பழனிச் சாலை ஒடுங்கலானது, வண்டி நின்றுபோனால் ஓரம் கட்ட இடம் குறைவு. வத்தலக்குண்டு வழியில் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று நின்று ஆறவிட்டுப் போக இடங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். ஏற்றத்தில் ஏசி வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது, அதை நம்பிப் போகாதீர்கள்.

கோடு இறங்கிக்கொண்டே போனால், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, குடும்பத்தைப் பஸ்ஸில் கூட்டிப் போங்கள்.